தீபாவளி வவுச்சரும் ஐயாயிரம் ரூபாய்க் கோடும்

2025 தீபாவளி முடிந்து இரண்டு வாரம் ஆகியும் எங்கள் ஆபீஸ் வாட்ஸ்அப் குழுவில் வியாபாரம் ஓயவில்லை. “துணிக்கடை வவுச்சர் 3,000 இருக்கு, 2,700க்குத் தரேன், யாருக்காவது வேணுமா?” என்று ஒருவர் போட, “சூப்பர் மார்க்கெட் வவுச்சரோட மாத்திக்கலாமா?” என்று இன்னொருவர் கேட்க, நடுவில் ஒருவர் புகுந்து 2,500க்கு அடித்துப் பேசுகிறார். கம்பெனி ஆசையாகக் கொடுத்த பரிசு, அதுவும் ‘முழுக்க வரி இல்லாதது’ என்று மெயிலில் தடித்த எழுத்தில் போட்டுக் கொடுத்த பரிசு, கைக்கு வந்த வேகத்தில் பத்து சதவீத நஷ்டத்துக்கு விலைக்கு வருகிறது என்றால் எங்கேயோ இடிக்கிறது.

நான் சம்பளக் கணக்குப் பிரிவில் இருப்பவன். வவுச்சர் வாங்குகிறவனும் நான்தான், அதை மற்றவர்களின் சம்பளக் கணக்கில் ஏற்றுகிறவனும் நான்தான். அதனால் என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ‘வரி இல்லை’ என்கிற பேச்சால், இந்த வவுச்சரை வாங்கும் பெரும்பாலானோருக்கு இன்றைய தேதியில் ஒரு பைசா லாபம் கிடையாது. அது எந்தக் கடையில் செல்லும், எத்தனை நாளைக்குச் செல்லும், அதை யார் முடிவு செய்தார்கள் என்பதில்தான் அந்தப் பரிசின் மதிப்பு இருக்கிறது.

முதலில் விதி என்ன என்று பார்ப்போம், ஏனென்றால் ஆபீசில் ஆளுக்கொரு கணக்குச் சொல்கிறார்கள். 2025-26 நிதியாண்டு வரைக்கும் பொருந்திய 1962ஆம் ஆண்டின் வருமான வரி விதிகளில் மூன்றாவது விதி, சம்பளம் தவிர முதலாளி தரும் வசதிகளுக்கு எப்படி மதிப்புப் போடுவது என்று சொல்கிறது. கார், வீடு, வட்டியில்லாக் கடன் எல்லாம் வருகிற அதே பட்டியலில் பரிசுப்பொருள், வவுச்சர், டோக்கன் மூன்றும் வருகின்றன. ஒரு நிதியாண்டில் இவற்றின் கூட்டு மதிப்பு 5,000 ரூபாய்க்குக் கீழே இருந்தால் மதிப்பு பூஜ்யம், அதாவது வரி இல்லை. தீபாவளிக்குத்தான் தர வேண்டும் என்றில்லை, பொங்கலுக்கும் தரலாம், பிறந்தநாளுக்கும் தரலாம், ஒரு காரணமும் இல்லாமலும் தரலாம். ஆனால் உங்கள் கையில் தந்தாலும் உங்கள் வீட்டுக்காரரிடமோ பிள்ளையிடமோ தந்தாலும் கணக்கு உங்கள் பேரில்தான் ஏறும். பணமாகக் கொடுத்தால், அல்லது பணமாக மாற்றிக்கொள்ளக்கூடிய காசோலை மாதிரி எதையாவது கொடுத்தால், இந்தச் சலுகையே கிடையாது. ஐந்நூறு ரூபாய் நோட்டை மஞ்சள் தடவிய கவரில் வைத்துத் தந்தாலும் அது சம்பளம்தான்.

இங்கே பலர் குழப்பிக்கொள்கிற இடம் ஒன்று உண்டு. ‘கிஃப்டுக்கு ஐம்பதாயிரம் வரைக்கும் வரி இல்லையே’ என்பார்கள். அது வேறு கதை. உறவினர் அல்லாதவர் தரும் அன்பளிப்புக்கான வரம்பு அது. வேலை பார்க்கிற இடத்தில், வேலை பார்ப்பதற்காக வருவது சம்பளத் தலைப்பில் வந்துவிடும். போதாததற்கு ஜி.எஸ்.டி. சட்டத்திலும் ஒரு ஐம்பதாயிரம் இருக்கிறது. முதலாளி ஒரு ஊழியருக்கு ஒரு நிதியாண்டில் 50,000 ரூபாய் வரை தரும் பரிசை ‘சப்ளை’யாக, அதாவது ஜி.எஸ்.டி. போட வேண்டிய விற்பனை மாதிரி, கருத வேண்டாம் என்று. அது கம்பெனி கட்டும் வரி பற்றியது, நம் வருமான வரிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. இரண்டு ஐம்பதாயிரத்தையும் ஒரு ஐயாயிரத்தையும் போட்டுக் கலக்கித்தான் கேன்டீனில் வாக்குவாதம் நடக்கிறது.

சரி, ஐயாயிரத்தைத் தாண்டினால்? விதியின் வாசகத்தை அப்படியே படித்தால், 5,000க்குக் கீழே இருந்தால்தான் பூஜ்யம். தொட்டுவிட்டால் முழுத் தொகைக்கும் வரி. ஆனால் 2001இல் நேரடி வரிகள் வாரியம் வெளியிட்ட விளக்கச் சுற்றறிக்கை, ஐயாயிரம் வரை விலக்கு, அதற்கு மேல் போனதற்கு வரி என்கிற தொனியில் பேசுகிறது. இரண்டு வாசிப்பையும் பிடித்துத் தொங்குகிற ஆடிட்டர்கள் இருக்கிறார்கள். எதற்கு வம்பு என்று கோட்டுக்கு உள்ளேயே நின்றுகொள்கிற கம்பெனிகளும் உண்டு. 4,900 ரூபாய் வவுச்சர், 4,999 ரூபாய் வவுச்சர் என்று விசித்திரமான தொகை ஏன் வருகிறது என்று யோசித்தவர்களுக்குப் பதில் இதுதான்.

இதில் கவனிக்க வேண்டியது ‘கூட்டு மதிப்பு’ என்கிற வார்த்தை. தீபாவளிக்கு 3,000 ரூபாய் வவுச்சர் வருகிறது. ஜூலையில் ஒரு புராஜெக்டை ராத்திரி கண்விழித்து முடித்துக் கொடுத்ததற்கு மேனேஜர் ஸ்பாட் அவார்டு என்று 2,000 ரூபாய்க்கு ஒரு இ-வவுச்சர் தட்டிவிட்டிருக்கிறார். கம்பெனியில் சேர்ந்து ஐந்து வருஷம் ஆனதற்கு ஒரு ப்ளூடூத் ஸ்பீக்கர் வந்திருக்கிறது. மூன்றும் மூன்று வேறு பட்ஜெட்டில் இருந்து, மூன்று வேறு ஆட்கள் கொடுத்தது. வருமான வரி விதிக்கு அதெல்லாம் தெரியாது, எல்லாம் ஒரே கூடை. வருடக் கடைசியில் நாங்கள் கூட்டிப் பார்க்கும்போது கோடு தாண்டியிருக்கும். பிப்ரவரி, மார்ச் சம்பளச் சீட்டில் திடீரென்று கூடுதலாக டி.டி.எஸ்., அதாவது சம்பளத்திலேயே பிடிக்கும் வரி, வந்து, “என்ன சார், எங்கேருந்து வந்துச்சு இது?” என்று ஆள் நேரில் வந்து நிற்பார். வருடா வருடம் கம்பெனி தரும் வரிச் சான்றான படிவம் 16ஓடு சேர்த்துத் தரப்படும் 12பிஏ என்கிற படிவத்தில் பரிசு, வவுச்சர் என்று தனியாக ஒரு வரியே இருக்கிறது. யாரும் அதைப் பார்ப்பதில்லை. ஒரு தடவை எடுத்துப் பாருங்கள், கம்பெனி உங்களுக்கு என்னென்ன ‘கொடுத்திருக்கிறது’ என்று தெரியவரும். சில கம்பெனிகள் அந்த வரியையும் தாங்களே கட்டிவிடுகின்றன, அது நல்ல பழக்கம். ஸ்பீக்கரைக் கொடுத்துவிட்டு அதற்கு ஆயிரம் ரூபாய் பிடித்துக்கொள்வது அசிங்கமாக இருக்கிறது என்று சொன்னால் எங்கள் நிதி மேலாளர் சிரிக்கிறார்.

இப்போது முக்கியமான கணக்குக்கு வருவோம். முப்பது சதவீத வரி அடுக்கில் இருப்பவருக்கு, செஸ் நான்கு சதவீதத்தையும் சேர்த்தால், ஐயாயிரம் ரூபாய் வவுச்சரால் வரியில் மிச்சமாவது அதிகபட்சம் 1,560 ரூபாய். இருபது சதவீத அடுக்கில் 1,040. நல்ல தொகைதான். ஆனால் 2025-26 நிதியாண்டில் புதிய வரி முறையில், நிலைக் கழிவு 75,000ஐயும் சேர்த்து, ஆண்டுச் சம்பளம் 12,75,000 ரூபாய் வரை இருப்பவருக்கு வரியே கிடையாது. எங்கள் ஆபீசில் முக்கால்வாசிப் பேர் அதற்குள் அடங்கிவிடுவார்கள். அவர்களுக்கு ஐயாயிரத்தை ரொக்கமாகக் கொடுத்தாலும் வரி பூஜ்யம், வவுச்சராகக் கொடுத்தாலும் வரி பூஜ்யம். அப்படியென்றால் ‘உங்கள் நன்மைக்காகத்தான் வவுச்சராகத் தருகிறோம்’ என்று ஹெச்.ஆர். எழுதுவது யாருடைய நன்மை? மேலே இருக்கிற பத்துப் பேருடைய நன்மை. கீழே இருப்பவர் ஸ்கூல் ஃபீஸ் கட்ட வேண்டிய நேரத்தில் கையில் ஒரு பிராண்டட் சட்டைக் கடைச் சீட்டை வைத்துக்கொண்டு நிற்கிறார்.

கம்பெனிக்கு ஏன் வவுச்சர் பிடிக்கிறது என்பதையும் மறைக்காமல் சொல்லலாம். மொத்தமாக வாங்கும்போது கழிவு கிடைக்கிறது. மூவாயிரம் என்று அச்சடித்த வவுச்சருக்குக் கம்பெனி முழு மூவாயிரம் கொடுத்திருக்க வேண்டும் என்றில்லை. அப்புறம் பி.எஃப். 1952ஆம் ஆண்டு வருங்கால வைப்பு நிதிச் சட்டம் அடிப்படைச் சம்பளத்துக்கான வரையறையிலேயே முதலாளி தரும் பரிசுகளைத் தனியாக விலக்கி வைத்திருந்தது, அதனால் பரிசுக்குக் கம்பெனி பி.எஃப். பங்கு கட்ட வேண்டியிருக்கவில்லை. எல்லாவற்றையும் விடப் பெரிய வசதி, பரிசு என்பது விருப்பம்தான். போனஸ் அப்படியில்லை. சட்டப்படி தகுதியுள்ள தொழிலாளிக்குக் குறைந்தபட்சம் 8.33 சதவீதம் கொடுத்தே ஆக வேண்டும், அது உரிமை. கோவை, திருப்பூர் பக்கம் தீபாவளிக்கு முன்னால் போனஸ் பேச்சுவார்த்தை இழுத்துக்கொண்டே போவதைப் பார்த்திருப்பீர்கள். வவுச்சருக்கு எந்த யூனியனும் கேட்டில் கொடி பிடிக்க முடியாது. இந்த வருஷம் மூவாயிரம், அடுத்த வருஷம் ஆயிரத்தைந்நூறு, அதற்கடுத்த வருஷம் ஒரு ஸ்வீட் பாக்ஸ், அவ்வளவுதான். இதில் தப்பு ஒன்றும் இல்லை, ஆனால் சம்பளப் பேப்பரில் சி.டி.சி.க்குள்ளேயே, அதாவது நமக்கென்று கம்பெனி போடும் மொத்தச் சம்பளக் கணக்குக்குள்ளேயே, ‘கிஃப்ட் வவுச்சர் 5,000’ என்று ஒரு வரியைச் சேர்த்துவிட்டு அதைத் தீபாவளிக்குப் பரிசு என்று கொடுப்பதை மட்டும் என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை. நம் சம்பளத்தில் இருந்து எடுத்து நமக்கே ரிப்பன் கட்டிக் கொடுப்பதற்கு நன்றி மெயில் வேறு போட வேண்டியிருக்கிறது.

இந்த ஐயாயிரம் எப்போது வந்தது என்று பார்த்தால் இன்னும் வேடிக்கை. 2001இல் விதியைத் திருத்தி எழுதியபோதே ஐயாயிரம்தான். நடுவில் 2005இல் சிதம்பரம் பட்ஜெட்டில் ஃப்ரிஞ்ச் பெனிஃபிட் வரி என்று ஒன்று வந்து, பரிசுக்குச் செலவழித்ததில் பாதித் தொகையை அடிப்படையாக வைத்துக் கம்பெனியிடமே வரி வாங்கினார்கள். அந்தக் காலத்தில் பரிசு வாங்குகிறவருக்குத் தலைவலி இல்லை, கொடுக்கிறவருக்குத்தான். 2009இல் பிரணாப் முகர்ஜி அதை எடுத்துவிட்டார், சுமை மறுபடியும் ஊழியர் பக்கம் வந்தது. அப்போது விதிகளை மறுபடியும் எழுதினார்கள், ஐயாயிரத்தைத் தொடவில்லை. இதோ 2025 தீபாவளியும் போய்விட்டது, அதே ஐயாயிரம். 2001இல் ஒரு சவரன் தங்கம் நாலாயிரத்துக்குள் வாங்கலாம். கம்பெனி மனசு வைத்தால் ஊழியருக்கு ஒரு சவரனைக் கையில் கொடுத்துவிட்டு வரி விலக்குக்குள்ளேயே நின்றிருக்கலாம். இன்று ஐயாயிரத்துக்கு அரை கிராம் கூடத் தேறாது. தங்கத்தை வைத்துப் பேசுவது நியாயமில்லை என்று சொல்வீர்கள் என்றால், அரசாங்கமே வெளியிடுகிற செலவுப் பணவீக்கக் குறியீட்டை எடுத்துக்கொள்ளுங்கள். 2001-02இல் 100, 2025-26இல் 376. அந்தக் கணக்கில் ஐயாயிரம் இப்போது 18,800 ஆக இருந்திருக்க வேண்டும். வீடு விற்றால் லாபத்தைக் கணக்குப் போடுவதற்கென்றே இருக்கிற குறியீடு அது. ஊழியர் பரிசுக்கு அதை யாரும் போட்டுப் பார்க்கவில்லை.

மற்ற நாடுகளில் எப்படி என்று டப்ளினில் வேலை பார்க்கும் நண்பனிடம் பேசிக்கொண்டிருந்தேன். அயர்லாந்தில் 2025 ஜனவரியிலிருந்து ஒரு ஊழியருக்கு ஆண்டுக்கு 1,500 யூரோ வரை, ஐந்து தவணைக்குள், வரியில்லாமல் வவுச்சராகவோ பொருளாகவோ தரலாம். அங்கேயும் ரொக்கம் கூடாது. கிறிஸ்துமஸ் நேரத்தில் அது பெரிய விஷயம் என்கிறான். பிரிட்டனில் ஒரு பரிசுக்கு 50 பவுண்டு என்று வரம்பு, ஆனால் வேலைத் திறமைக்கு வெகுமதியாகக் கொடுத்தால் செல்லாது, சும்மா அன்பளிப்பாக இருக்க வேண்டும். நம் ஊரில் ஸ்பாட் அவார்டுக்கும் சேர்த்து விலக்கு இருப்பது ஒரு விதத்தில் நல்லதுதான், தொகைதான் நோஞ்சான்.

வவுச்சரிலேயே இரண்டு ஜாதி இருக்கிறது என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள். ஒரு கடை தன் கடையில் மட்டும் செல்லுகிற மாதிரி வெளியிடுவது ஒன்று. இதற்கு ரிசர்வ் வங்கியின் ஒப்புதல் தேவையில்லை, கட்டுப்பாடும் கிடையாது. கடைக்காரர் வைத்ததுதான் சட்டம். இன்னொன்று, பல கடைகளில் செல்லும் கிஃப்ட் கார்டு, வங்கியோ உரிமம் பெற்ற நிறுவனமோ தருவது. இதற்கு ரிசர்வ் வங்கி விதிகள் உண்டு. ஒரு கார்டில் 10,000 ரூபாய்க்கு மேல் இருக்கக் கூடாது, மறுபடி பணம் ஏற்ற முடியாது, ஏ.டி.எம்.மில் எடுக்கவோ வேறு கணக்குக்கு அனுப்பவோ முடியாது, குறைந்தது ஒரு வருடம் செல்லுபடியாக வேண்டும். காலாவதி ஆவதற்கு முந்தைய 45 நாளில் உங்களுக்கு எச்சரிக்கை அனுப்ப வேண்டும். தேதி முடிந்துபோன கிஃப்ட் கார்டைப் புதுப்பித்துத் தரச் சொல்லியும் கேட்கலாம், தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

கடை வவுச்சரை எடுத்துக்கொண்டு நான் போன கதை இது. பதினாறு இலக்க எண், ஆறு இலக்க பின், கீழே எறும்பு ஊர்கிற மாதிரி நிபந்தனைகள். ஒரு பில்லுக்கு ஒரு வவுச்சர்தான். தள்ளுபடி ரேக்கில் இருப்பதற்குச் செல்லாது. மீதி ரொக்கமாகத் தரப்படாது. இரண்டாயிரம் ரூபாய்ச் சீட்டுக்குச் சட்டை தேடினால் 1,499க்கு இருக்கிறது, 2,299க்கு இருக்கிறது, இரண்டாயிரத்துக்கு மட்டும் இருக்காது. 1,499க்கு எடுத்தால் 501 ரூபாய் போச்சு. 2,299க்கு எடுத்தால் கையிலிருந்து 299 போகிறது. கவுன்டரில் இருந்த பையன் என்னைப் பார்த்துவிட்டு, “சார், ரெண்டு ஜோடி சாக்ஸ் சேத்துக்குங்க, சரியா வந்துரும்” என்றான். பழகிவிட்டான். 1,499 சட்டையும், கூட சாக்ஸும் ஒரு பெல்ட்டுமாக 2,046 வந்தது. யாருக்கும் வேண்டாத பெல்ட் ஒன்று இன்னும் அலமாரியில் தொங்குகிறது. இப்படிச் செலவழியாமலே தேதி முடிந்துபோகிற சீட்டுகளும், 37 ரூபாய், 112 ரூபாய் என்று ஒட்டிக்கொண்டு நிற்கும் மிச்சங்களும் கடைசியில் கடையின் கணக்கில்தான் போய்ச் சேரும்.

பழைய உணவுக் கூப்பன்களை நினைத்தால் அதுவே தேவலை. சோடெக்ஸோ புத்தகம் வந்த காலத்தில் அதைத் தெருமுனை மளிகைக் கடையில் கூட வாங்கிக்கொள்வார்கள், பத்து ரூபாய்த் தாளை எண்ணிக் கொடுத்து மாத மளிகையையே முடித்தவர்கள் உண்டு. 2017 முடிவோடு காகிதச் சீட்டுகள் போய்க் கார்டுகள் வந்தன, இப்போது பெயரே ப்ளக்ஸீ. ஒரு வேளைக்கு 50 ரூபாய் வீதம், நாளைக்கு இரண்டு வேளை, மாதம் 22 நாள் என்று வருடத்துக்கு 26,400 ரூபாய்க்கு வரி விலக்கு என்பது 2025-26 வரை எல்லா ஹெச்.ஆரும் மனப்பாடமாக ஒப்பித்த கணக்கு. ஆனால் புதிய வரி முறைக்குப் போனவர்களுக்கு அந்த உணவு வவுச்சர் விலக்கு அப்போது இல்லை, 2020லேயே எடுத்துவிட்டார்கள். பரிசு வவுச்சருக்கான ஐயாயிரம் மட்டும் இரண்டு முறையிலும் இருந்தது.

இதையெல்லாம் பேசும்போது எனக்கு உறுத்துகிற விஷயம் வேறு. எங்கள் மாடியைப் பெருக்கித் துடைக்கிற அக்கா தீபாவளிக்கு முந்தின வெள்ளிக்கிழமை என் மேஜைக்கு வந்து, “உங்களுக்கெல்லாம் போன்லயே காசு வந்துடுச்சாமே சார், எங்களுக்கு ஸ்வீட்டு மட்டும்தானா?” என்று கேட்டார். அவர், செக்யூரிட்டி அண்ணன்கள், கேன்டீன் பையன்கள் யாரும் எங்கள் கம்பெனி ஊழியர் கிடையாது, கான்ட்ராக்டரின் ஆட்கள். வவுச்சர் ஆபீஸ் மெயிலுக்கு வருகிறது, அவர்களுக்கு மெயிலே இல்லை. வருஷத்துக்குப் பதினைந்து லட்சம் வாங்குகிறவருக்கு வரி மிச்சத்தோடு மூவாயிரம், மாசம் பதினாலாயிரம் வாங்குகிறவருக்குக் கால் கிலோ மைசூர்பாகு. ஒரே மாடி, ஒரே லிஃப்ட். இதற்கு வருமான வரி விதி காரணமில்லை. கம்பெனி நினைத்தால் அவர்களுக்கும் ரொக்கமாகவே கொடுக்கலாம்; அந்தச் சம்பளத்துக்கு வருமான வரியும் கிடையாது. மேலே கேட்டேன். “அவங்க நம்ம ரோல்ல இல்லையே, முன்மாதிரி ஆயிடும்” என்றார்கள். சொந்தமாக வசூல் பண்ணி ஆளுக்கு ஐந்நூறு கொடுத்தோம். அதில் ஒரு சாகசமும் இல்லை, பல ஆபீஸ்களில் நடப்பதுதான்.

ஹெச்.ஆரில் இருப்பவர்கள் யாராவது இதைப் படித்தால் என் யோசனை சின்னது. அக்டோபர் முதல் வாரத்தில் ஒரு படிவம் அனுப்புங்கள்: மளிகை, துணி, பல கடைகளில் செல்லும் கார்டு, அல்லது வரி பிடித்தம் போக ரொக்கம், எது வேண்டும் என்று டிக் அடிக்கட்டும். வரி அடுக்கில் இல்லாதவர்கள் பெரும்பாலும் ரொக்கத்தை எடுத்துக்கொள்வார்கள், மேலே இருப்பவர்கள் கார்டை எடுத்துக்கொள்வார்கள். எங்கள் பிரிவுக்கு வேலை கொஞ்சம் கூடும், பரவாயில்லை.

வாங்குகிறவர்களுக்கு: சீட்டு வந்த அன்றைக்கே காலாவதித் தேதியைப் போனில் ஒரு நினைவூட்டலாகப் போட்டுவிடுங்கள். கடை ஏமாற்றினால், சீட்டில் எழுதாத நிபந்தனையை கவுன்டரில் சொன்னால், தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்கு ஒரு போன் போடலாம். உரிமம் பெற்ற நிறுவனத்தின் கிஃப்ட் கார்டு என்றால் முதலில் அவர்களிடமே எழுத்தில் புகார் கொடுத்துவிட்டு, பதில் சரியில்லை என்றால் ரிசர்வ் வங்கி குறைதீர்ப்பாளர் வரை போகலாம். 2026 ஏப்ரல் 1 முதல் 2025ஆம் ஆண்டின் புதிய வருமான வரிச் சட்டம்தான், அதற்கென்று விதிகளும் புதிது. நான் சொன்ன ஐயாயிரம் 2025-26 வரைக்குமான கணக்கு, அதற்கப்புறம் வரம்பு என்ன என்று புதிய விதிகளில் பார்த்துக்கொள்ளுங்கள். எந்த வருஷமானாலும், ஏப்ரலில் இருந்து அதுவரைக்கும் வந்த எல்லாச் சீட்டையும் ஒரு தாளில் கூட்டிப் பாருங்கள். வரம்பை நெருங்கியிருந்தால், அடுத்த ஸ்பாட் அவார்டை ஏப்ரலுக்குத் தள்ளிப்போட முடியுமா என்று மேனேஜரிடம் கேட்பதில் ஒரு வெட்கமும் இல்லை.